நம்மவர் சுட்ட குண்டு

கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைத் தாண்டிக் குருநாகல் வீதியில் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால், கலகெதர வரும்வரை தூங்காதீர்கள். அதுவரை ஏறியும் வளைந்தும் வந்த வீதி, கலகெதர கழிந்ததும் மாவத்தகம, குருநாகல் பக்கம் இறங்கத் தொடங்கும். கண்டி மேட்டின் விளிம்பு அது. கீழே தென்னந்தோப்பு நாடு, மேலே மலைநாடு. இந்த ஏற்றத்தைக் கையில் வைத்திருந்தவன் கண்டியின் வடமேற்குக் கதவைக் கையில் வைத்திருந்தான்.

கண்டி மன்னர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். கணவாய்தோறும் முள்ளால் பின்னிய கதவும் காவலுமாகக் கடவத்தை போட்டார்கள். 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் படையோடு கண்டிக்கு ஏறியது குருநாகல் பக்கமிருந்துதான். 1803 பெப்ரவரியில் ஆங்கிலேய ஜெனரல் மக்டோவல் கொழும்பிலிருந்து வந்தபோது கலகெதரவிலும் கிரிஹாகமவிலும் இருந்த காவலரண்கள் பெரிய சண்டையில்லாமலே விழுந்தன. உள்ளே வரவிட்டு, மழையும் காய்ச்சலும் பிடிக்கும்வரை காத்திருந்து, திரும்பும் வழியை அடைப்பது கண்டியரின் பழைய போர்முறை. அந்த வருடம் ஜூனில் மேஜர் டேவியின் காவற்படை கண்டியில் சரணடைந்து அழிந்த கதையை வாசகர்கள் அறிவார்கள்.

அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியிலிருந்து இந்த வாரம் தொடங்குகிறேன். ஆங்கிலேயர் பக்கம் ஒரு மலாய்ப் படை இருந்தது. கண்டி மன்னன் பக்கமும் மலாயர் இருந்தார்கள். ஒரே மொழி, ஒரே மார்க்கம், இடுப்பில் ஒரே கிரிஸ் கத்தி. சரணடைந்தபின் ஆங்கிலேயர் பக்கத்து மலாய்க் கெப்டன் நூருத்தீனை மன்னன் தன் சேவைக்கு அழைத்தான். ஒருவருக்குத்தான் சத்தியம் செய்திருக்கிறேன் என்று அவர் மறுத்தார். அவரும் சகோதரரும் கொல்லப்பட்டார்கள். இவன் நம்மவனா, எதிரியா என்ற கேள்விக்கு முகத்தைப் பார்த்தும் மொழியைக் கேட்டும் விடை சொல்ல முடியாத போர் அது.

போரில் இந்தக் கேள்விக்குத் தவறான விடை சொல்லும்போது, நம் குண்டு நம்மவர் மேலேயே விழுகிறது. ஆங்கிலேயர் இதை நட்போடு சுட்ட சூடு என்ற பொருளில் அழைக்கிறார்கள். கேட்டாலே எரிச்சல் வரும் பெயர். வேலியே பயிரை மேய்ந்ததென்று நாம் சொல்வது இதற்குப் பொருந்தாது. அதில் கள்ளம் இருக்கிறது. இதில் பெரும்பாலும் கள்ளம் இல்லை. இருட்டு, புகை, பயம், தொடர்பறுந்து போதல், இவைதான் காரணம். அதனால்தான் செத்தவனின் குடும்பத்துக்கு யாரை நொந்துகொள்வதென்றே தெரிவதில்லை.

முழுநேரச் சிப்பாயைவிட, வருடத்தில் சில வாரம் மட்டும் பயிற்சி எடுத்து, போர் வந்ததும் சீருடை மாட்டும் தொண்டர் படையினருக்கு இந்தக் குழப்பம் கூடுதல் என்பது பொதுவான நம்பிக்கை. 1915இல் நடந்த இரண்டு மரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஒன்று கொழும்பில், ஒன்று துருக்கியில். இரண்டு பேரும் தொண்டர் படை மரபில் வந்த அதிகாரிகள். இரண்டு பேரையும் கொன்றது சொந்தப் பக்கத்துக் குண்டு. இடையில் ஒரு மாதமும் ஒரு நாளும். இரண்டு கதைகளிலும் கண்டி இருக்கிறது.

இலங்கையில் தொண்டர் படை 1881இல் தொடங்கியது. இலங்கை இலகு காலாட்படைத் தொண்டர்கள் என்ற அந்தப் பிரிவில் பறங்கியரும் சிங்களவரும் தமிழரும் மலாயரும் சேர்ந்தார்கள். மலைநாட்டுத் தோட்டத்துரைமாருக்கோ தனிப் படை வேண்டியிருந்தது. தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் நடந்துகொண்டிருந்த 1900இல் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை உருவானது. தலைமையகம் கண்டி; உறுப்பினர் ஐரோப்பியர் மட்டும். வார நாட்களில் பெரட்டுக் களத்தில் கங்காணியிடம் ஆள் கணக்குக் கேட்பவர், பயிற்சி நாளில் காக்கி உடுத்தித் துப்பாக்கி தூக்குவார். குதிரையேற்றமும் குறிபார்த்துச் சுடுவதும் வேட்டையில் பழகியவை. மற்றதெல்லாம் கிளப் சிநேகம்.

1914 நவம்பரில் இந்தப் படையிலிருந்து இருநூறுக்கு மேற்பட்டோர் மேஜர் ஹோல் பிரவுனின் கீழ் கொழும்பில் கப்பலேறினார்கள். எகிப்தில் சுயஸ் கால்வாய்க் காவல். பிறகு அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு இணைப்பு. 1915இல் கலிப்பொலிக் குடாநாட்டில் அந்தப் படைத்தொகுதியின் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவல் நம் மலைநாட்டுத் தோட்டத்துரைமார் கையில் இருந்தது. மிஞ்சியவர்கள் தோட்டங்களில் இருந்தார்கள். இங்கே என்ன போர் வரப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

வந்தது. 1915 மே 28, வெசாக் இரவு, கண்டி காசல் ஹில் வீதி.

அந்தக் கலவரத்தின் வேர் கம்பளையில் இருந்தது. வலஹாகொட தேவாலயத்தின் பெரஹரா, பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா கூடாதா என்ற வழக்கு. தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே அரசாங்க ஏஜண்டுக்கு எதிராக வழக்குப் போட்டார். கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914 ஜூனில் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். 1815 கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்துக்குக் கொடுத்த வாக்குறுதிதான் அவருக்கு அடிப்படை. பீரிஸ் வரலாற்று ஆசிரியரும்கூட. அந்த ஒப்பந்தத்தை அவர் அளவுக்குப் படித்த நீதிபதி அன்று வேறொருவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. மூன்று மாதம் கழித்து வெசாக் வந்தது. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்து வியாபாரம் செய்த முஸ்லிம்களின் பள்ளிவாசல் முன்னால் பக்திப் பாடல் கோஷ்டி வந்தபோது கூச்சல், பிறகு கல், பிறகு கடை உடைப்பு.

கண்டியில் தொடங்கியது நான்கு நாளில் கொழும்பை எட்டியது. மத்திய, வடமேல், மேல், சப்ரகமுவ, தென் மாகாணங்கள் பற்றின. மத்திய மாகாணமும் வடமேல் மாகாணமும் தொட்டுக்கொள்ளும் ஓரத்தில் இருக்கிறது கலகெதர. சிங்கள ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றின் பின்வளவு மற்றதன் முன்வாசலாக அமைந்த பூமி. அந்தப் பத்து நாள் இங்கே எவர் வீட்டிலும் நிம்மதியாக உலை வைத்திருக்க முடியாது. அரசாங்கக் கணக்கு இது: முஸ்லிம்களில் 25 பேர் மரணம், 189 பேர் காயம், கொள்ளையிடப்பட்ட கடைகள் 4,075, எரிக்கப்பட்ட பள்ளிவாசல்கள் 17, சேதமானவை 86.

இந்த எண்களை நான் மெதுவாக எழுதுகிறேன். ஏனென்றால் 1915ஐப் பற்றிய பல நூல்கள் இவற்றை ஒரு வரியில் கடந்துவிட்டு, அதற்குப் பின் வந்த இராணுவச் சட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. கடை எரிந்தவன் கதை முன்னுரையாகிவிடக் கூடாது.

ஆனால் பின்னால் வந்ததும் கொடுமைதான். ஜூன் 2ஆம் திகதி தேசாதிபதி ரொபர்ட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். படைத் தளபதி பிரிகேடியர் மல்கம், பொலிஸ் மா அதிபர் டவ்பிகின். நாட்டில் இருந்த வழமையான படை 28ஆம் பஞ்சாபியர். அவர்கள் போதாதென்று ஐரோப்பியத் தொண்டர்களுக்கும் தோட்டத்துரைமாருக்கும் துப்பாக்கி கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார்கள். உலகப்போர் நடக்கும் நேரம். பெரஹரா மேளத்தில் தொடங்கிய சண்டையை மேலிடத்தில் இருந்தவர்கள் ஜெர்மனியர் தூண்டிய கிளர்ச்சியாகப் பார்த்தார்கள். மதுவொழிப்பு இயக்கக் கூட்டங்கள் அவர்களுக்குச் சதிக் கூட்டங்களாகத் தெரிந்தன. பல ஊர்களில், கலவரம் அடங்கிய பிறகும், விசாரணை இல்லாமல் ஆட்களை நிறுத்திச் சுட்டார்கள். இந்தப் படைகள் காக்கத்தான் அமைக்கப்பட்டவை. யாரிடமிருந்து யாரை என்பதில்தான் பிசகு.

இப்போது அந்த முதல் அதிகாரியிடம் வருகிறேன். எட்வர்ட் ஹென்றி பெத்ரிஸ். 1888இல் பிறந்தவர். தந்தை டி. டி. பெத்ரிஸ் கொழும்பின் பெரும் செல்வந்த வியாபாரி. போர் தொடங்கியதும் நகரைக் காக்கக் கொழும்பு டவுன் கார்ட் என்ற தொண்டர் படை உருவானபோது, அதில் முதலில் சேர்ந்த சிங்கள இளைஞர்களுள் ஒருவர். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர் ஒரு வருடத்துக்குள் கெப்டன் ஆனார். குதிரையேற்றத்தில் கெட்டிக்காரர், கைநிறையப் பணம், வயது இருபத்தாறு. கண்ணில் குத்தும் எல்லாத் தகுதியும் அவரிடம் இருந்தது.

கலவரம் கொழும்புக்கு வந்தபோது புறக்கோட்டைப் பக்கம் காவல் பொறுப்பு அவருக்கு. அங்கேதான் கதை இரண்டாகப் பிரிகிறது. கூட்டத்தைக் கலைத்து அனுப்பினார் என்கிறது ஒரு பக்கம். கூட்டத்தைத் தூண்டினார், முஸ்லிம்களை நோக்கிச் சுட்டார் என்கிறது அரசாங்கப் பக்கம். துரோகம், கடை உடைப்பு, கொலை முயற்சி என்று குற்றச்சாட்டு. விசாரித்தது இராணுவ நீதிமன்றம். சில நாளில் முடிந்தது. சாதாரண நீதிமன்றங்கள் பூட்டிக் கிடக்கவில்லை. கலவரமும் ஜூன் நடுப்பகுதிக்கு முன்பே ஓய்ந்துவிட்டது. அப்படியிருந்தும் 1915 ஜூலை 7ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து அவரைச் சுட்டார்கள். சுட்டவர்கள் பஞ்சாபியர். அவர்களும் அவரும் ஒரே மன்னரின் சீருடை அணிந்தவர்கள். இரத்தம் தோய்ந்த அந்த நாற்காலியை அதே சிறையில் இருந்த சேனநாயக்க சகோதரர்கள் போன்றோருக்குக் காட்டினார்கள் என்பது சிறை கண்டவர்கள் வழியாக வந்த செய்தி. அந்தச் சகோதரர்களில் ஒருவர் பிற்காலத்தில் நாட்டின் முதல் பிரதமர்.

பெத்ரிஸ் குற்றமற்றவர் என்று நான் சத்தியம் செய்ய வரவில்லை. குற்றவாளி என்று நிரூபிக்க அந்த நீதிமன்றம் மெனக்கெடவில்லை என்பதுதான் என் முறைப்பாடு. சுட்டதால் பாதுகாப்பு எதுவும் கூடவில்லை. அடங்கிவிட்ட ஊரில் நாள் குறித்து, நேரம் குறித்து, சொந்தப் படை அதிகாரியைக் கொன்றார்கள்.

அடுத்தவர் வில்லியம் மலோன். இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தின் தாரனாக்கிப் பகுதியில் குடியேறியவர். விவசாயி, பிறகு ஸ்ட்ராட்போர்ட் என்ற சிற்றூரில் வழக்கறிஞர். அந்த நாட்டின் பகுதிநேரப் படையில் படிப்படியாக உயர்ந்து, போர் வந்ததும் வெலிங்டன் பற்றாலியனின் தளபதியாகக் கலிப்பொலி போனார். வயது ஐம்பத்தாறு. நம் தோட்டத்துரைமார் மெய்க்காவல் நின்ற அதே பேர்ட்வுட்டின் படைத்தொகுதி.

அங்கே சுனுக் பாயிர் என்றொரு மலை முகடு. அதைப் பிடித்தால் மறுபக்கத்து நீரிணையைப் பார்க்கலாம் என்பது கணக்கு. 1915 ஓகஸ்ட் 6 இரவு பெரும் தாக்குதல் தொடங்கியது. இருட்டில் தம்மவரைத் தாமே சுடாதிருக்கப் பல பிரிவுகளில் சிப்பாய்கள் கையிலும் முதுகிலும் வெள்ளைத் துணி தைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தின் அடையாளத் தொழில்நுட்பம் அவ்வளவுதான். 7ஆம் திகதி பட்டப்பகலில் மேலேறும்படி உத்தரவு வந்தது. அப்படியே ஏறிய ஓக்லன்ட் பற்றாலியன் சில நிமிடத்தில் சிதறியது. மலோன் தன் ஆட்களை அனுப்ப மறுத்தார். இரவில் பிடித்துத் தருகிறேன் என்றார். சொன்னபடி 8ஆம் திகதி விடியுமுன் முகட்டில் நின்றார்.

பகல் முழுவதும் துருக்கியர் எதிர்த்து ஏறினார்கள். கீழே கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள், பின்னால் பள்ளத்தில் மலோன் தரப்பின் சொந்தப் பீரங்கிகள். முகட்டின் இந்தச் சரிவில் மலோனின் ஆட்கள், அந்தச் சரிவில் எதிரி; நடுவே சில யார் தூரம். கீழிருந்து பார்க்கும் பீரங்கிக்காரனுக்குப் புழுதி மட்டும்தான் தெரியும். தொலைபேசிக் கம்பி அறுந்துபோகும். ஓடிப்போய்ச் செய்தி சொல்பவன் வழியில் விழுந்துவிடுவான். மாலை ஐந்து மணியளவில் தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு குண்டு வெடித்துச் சிதறியதில் மலோன் இறந்தார். கப்பலின் குண்டா, தரைப் பீரங்கியின் குண்டா என்பது இன்றும் வாதம். துருக்கியருடையது அல்ல என்பதில் பெரிதாக வாதமில்லை. அவரோடு முகட்டை எட்டிய சுமார் 760 பேரில் பெரிய காயமில்லாமல் மிஞ்சியவர்கள் 70 பேர் அளவில். மறுநாள் பக்கத்துக் குன்றில் மேஜர் அலன்சனின் கூர்க்காக்கள் துருக்கியரைத் துரத்திக்கொண்டு இறங்கும்போது, அவர்கள்மீதும் தம் பக்கத்துக் குண்டுகளே விழுந்தன. பிடித்த உச்சியை விட்டுத் திரும்பினார்கள். ஓகஸ்ட் 10ஆம் திகதி துருக்கியர் முகட்டை மீட்டார்கள்.

பிறகு நடந்ததும் வழக்கமான கதைதான். முகடு போனதற்கு மலோன் அகழியைத் தவறான இடத்தில் தோண்டியதுதான் காரணம் என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். செத்தவர் மறுத்துப் பேச வரமாட்டார். அந்தப் பழி நீங்கப் பல தசாப்தம் ஆனது.

ஜூலை 7, ஓகஸ்ட் 8. மலோனைக் கொன்ற பீரங்கிக்காரனுக்கு அவர் முகம் தெரியாது. பெத்ரிஸைக் கொன்றவர்களுக்கு முகம் மட்டுமல்ல, அப்பா பெயரும் தெரியும். இருந்தும் இரண்டு இடத்திலும் தூரத்தில் இருந்தவர்கள் முகட்டில் நிற்பது யாரென்று பிரித்துப் பார்க்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கலிப்பொலியில் மறைத்தது புழுதி. கொழும்பில் மறைத்தது, செல்வாக்குள்ள சிங்களவன் ஒவ்வொருவனும் ஜெர்மனியின் ஆள் என்ற முன்முடிவு. படைத்துறை நூல்கள் முதலாவதற்குப் பெயர் வைத்து, காரணம் ஆராய்ந்து, அடையாளச் சின்னங்களை மாற்றின. இரண்டாவதை அவை போர்ச் சேதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தொண்டர்களின் பயிற்சிக் குறைவைக் குற்றம் சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மலோனின் ஆட்கள் நாள் முழுவதும் குறி தவறாமல் நின்றார்கள். இரண்டு இடத்திலும் பிழை மேலே இருந்தது.

கொழும்பில் அந்தப் பிழையை வாய் திறந்து சொன்னவர்களில் முதல்வர் பொன்னம்பலம் இராமநாதன். சட்டநிரூபண சபையில் பேசினார். 1916இல் இலண்டனில் இராணுவச் சட்டக் கொடுமைகளைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். ஈ. டபிள்யூ. பெரேரா இரகசிய உத்தரவொன்றைச் சப்பாத்தின் அடிப்பகுதியில் மறைத்து இலண்டன் கொண்டுபோன கதையைச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளும் சொல்வார்கள். அடுத்த தேசாதிபதி ஜோன் அன்டர்சன், கேகாலைப் பக்கம் தொண்டர் குழுக்கள் நடத்திய துப்பாக்கிச்சூடுகளை விசாரித்து, அவற்றுக்கு நியாயம் கற்பிக்க முடியாதென்று கண்டார். இராமநாதன் திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் அவர் வண்டியைத் தாமே இழுத்தார்கள். கடை எரிந்த முஸ்லிம்களுக்கு அந்த வண்டிக் காட்சி எப்படித் தெரிந்திருக்கும் என்று இராமநாதன் யோசித்தாரா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு.

மலோனுக்கு 1923இல் ஸ்ட்ராட்போர்ட் பூங்கா வாசலில் நினைவு வளைவு எழுப்பினார்கள். உடல் கிடைக்கவில்லை, பெயர் சுனுக் பாயிர் நினைவுச் சுவரில் இருக்கிறது. பெத்ரிஸின் தந்தை மகன் நினைவாகக் கொழும்பு ஹெவ்லொக் டவுனில் இசிபதனாராமய விகாரையைக் கட்டினார். இலங்கை அரசு 2024இல் பெத்ரிஸுக்கு மரணத்துக்குப் பின்னான மன்னிப்பு வழங்கியது. மன்னிப்பு குற்றவாளிக்குக் கொடுப்பது. தீர்ப்பையே அழித்திருக்கலாம்.

தோட்டக்காரர் துப்பாக்கிப் படையை, சுதந்திர இலங்கையின் இராணுவம் உருவான 1949ஆம் வருடமே கலைத்துவிட்டார்கள். அதற்கு ஏழு வருடம் முன்னால், 1942 மே 8 இரவு, நம் தொண்டர் பீரங்கிப் படையினர் சிலர் இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவில் தம் அதிகாரிகள்மீதே துப்பாக்கியைத் திருப்பினார்கள். அன்று செத்தவர் ஆங்கிலேயர் அல்ல. சமரிஸ் ஜயசேகர என்ற இலங்கைச் சிப்பாய். அது அடுத்த வாரம்.